ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு: தாய்லாந்து, வியட்நாம், ஜப்பான், அமீரகம். நம் பாஸ்போர்ட்டுக்கு எது சரிப்படும்?

பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களும், பி.இ. படித்துவிட்டுக் கற்பிப்பதில் மனம் போனவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான்: ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க எந்த நாட்டுக்குப் போகலாம்? கூடவே, எங்கே சம்பளம் அதிகம் என்றும் கேட்கிறார்கள்.

சம்பளத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். இந்தத் துறையைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்க, பிரிட்டன் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. "ஏதாவது ஒரு டிகிரி, 120 மணி நேர டெஃபல் சான்றிதழ், இது போதும்" என்று அவை சொல்வது அவர்களுக்குச் சரி. (டெஃபல் என்பது ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிப்பதற்கான பயிற்சி.) அதே வரியை நம்பி இந்திய பாஸ்போர்ட்டோடு கிளம்பினால், வேலை கிடைத்த பிறகும் வொர்க் பர்மிட் கிடைக்காமல் விசிட் விசாவில் வகுப்பெடுக்கும் நிலை வரலாம். அப்படி மாட்டிக்கொண்டவரிடம் சம்பள பாக்கி வைத்தால்கூட அவர் போய்ப் புகார் சொல்ல இடமில்லை. அதனால்தான் பர்மிட்டிலிருந்து தொடங்குகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பாஸ்போர்ட். அந்த நாட்டுச் சட்டம் இந்தியரை ஆங்கில ஆசிரியராக ஏற்கிறதா? ஏற்றால் கூடுதலாக என்ன கேட்கிறது?

அடுத்தது டிகிரி. பி.ஏ. ஆங்கிலம், பி.எட்., பி.இ. மூன்றும் எல்லா நாட்டிலும் ஒரே மதிப்புப் பெறுவதில்லை. ஒரு நாட்டில் பொறியியல் பட்டம் எளிதாகப் போய்விடும், இன்னொரு நாட்டில் பி.எட். இல்லாமல் விண்ணப்பமே எடுக்கமாட்டார்கள்.

மூன்றாவது, காகித வேலையும் அதன் செலவும். அட்டஸ்டேஷன் (பட்டம் உண்மையானது என்று அரசிடமும் தூதரகத்திடமும் முத்திரை வாங்குவது), மொழிபெயர்ப்பு, மருத்துவப் பரிசோதனை, பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் போலீஸ் கிளியரன்ஸ் ஆகியவற்றுக்கு யார் பணம் கட்டுவது என்பதை ஆஃபர் வந்த அன்றே கேட்க வேண்டும்.

நான்காவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் எனக்கு அதுதான் முக்கியம்: வேலை போனால் என்ன ஆகும்? பர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டதா, உங்கள் தகுதியோடு கட்டப்பட்டதா? மோசமான நிர்வாகத்திடமிருந்து வெளியேற முடியுமா முடியாதா என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

இவற்றுக்குப் பிறகுதான், பிடித்தங்கள் போகக் கையில் நிற்கும் தொகையும் குடும்பத்தை அழைத்துப் போகும் வசதியும்.

## நேரத்தைச் செலவிட வேண்டாத இரண்டு நாடுகள்

தென்கொரியாவின் இ-2 ஆசிரியர் விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது. 2010 முதல் நடப்பில் இருக்கும் இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தில், ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் கொண்ட இந்தியர் துணை ஆசிரியராக வர ஒரு சிறிய வழி உண்டு. ஆனால் அதை நம்பித் திட்டம் போடும் அளவுக்கு அது பெரிதல்ல. தனியார் டியூஷன் நிலையங்கள் தரும் ஆஃபரை இந்த வழியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சீனாவில் மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும் என்பது பொது விதி. பட்டமும் பொதுவாக இரண்டாண்டு அனுபவமும் கேட்பார்கள். "பிசினஸ் விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிடிபட்டால் காவலும் நாடு கடத்தலும் உங்களுக்குத்தான், அவருக்கு அல்ல.

## தாய்லாந்து

பள்ளியில் வேலை என்றால் இங்கே மூன்று அனுமதிகள் வேண்டும். முதலாவது நான்-இமிக்ரன்ட் பி விசா. பள்ளி தரும் கடிதங்களோடு இங்கிருந்தே விண்ணப்பிப்பது நல்லது, 90 நாள் தங்கலாம். இரண்டாவது, ஆசிரியர் மன்றமான குருசபாவின் உரிமம் அல்லது தற்காலிக அனுமதி. மூன்றாவது, தொழிலாளர் அமைச்சகத்தின் வொர்க் பர்மிட். இவை கைக்கு வந்ததும் குடிவரவு அலுவலகத்தில் தங்கும் காலத்தை ஓராண்டுக்கு நீட்டிக்கொள்ளலாம். மொழிப் பயிற்சி மையத்தில் வேலை என்றால் குருசபா அனுமதி தேவைப்படாது.

எந்தப் பாடத்தில் பட்டம் இருந்தாலும் நுழைய முடியும் என்பது தாய்லாந்தின் பெரிய பலம். கல்வியியல் பட்டம் இல்லாதவருக்குப் பள்ளி வாங்கித் தரும் தற்காலிக அனுமதி இரண்டாண்டுக்கு நிற்கும். அதைக் காலம் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே போக முடியாது. பி.எட். வைத்திருப்பவருக்கு நிரந்தர உரிமம் நோக்கிய பாதை சுலபம். ஆங்கிலம் தாய்மொழியல்லாத நாட்டவரிடம் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் 600 அல்லது அதற்கு இணையான மதிப்பெண் கேட்பது வழக்கம். ஆங்கில வழியில் படித்த யாருக்கும் அது எட்டாத உயரம் அல்ல.

செலவுக் கணக்கு தெளிவாக இருக்கும். வொர்க் பர்மிட் ஆண்டுக்கு 3,000 பாட். தங்கும் கால நீட்டிப்பு 1,900 பாட். நடுவில் ஊருக்கு வந்து போக மறுநுழைவு அனுமதி ஒருமுறைக்கு 1,000 பாட். இதை வாங்காமல் தீபாவளிக்கு விமானம் ஏறிவிட்டால் ஓராண்டு நீட்டிப்பு முழுவதும் ரத்தாகிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்கவும் வேண்டும்.

கட்டணப் பட்டியலில் வராத செலவு ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும். ஏஜென்சி மூலம் சேர்பவர்களுக்குப் பத்து மாத ஒப்பந்தம் சாதாரணம். மார்ச், ஏப்ரல் கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது, வாடகை மட்டும் உண்டு. விளம்பரங்களிலேயே தாய்மொழியாளருக்கு (ஆங்கிலம் தாய்மொழியான நாட்டவருக்கு) ஒரு சம்பளம், மற்றவர்களுக்கு ஒரு சம்பளம் என்று வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள். இது எனக்குக் கோபம் தரும் விஷயம். ஒரே வகுப்பை, ஒரே பாடத்தை எடுப்பவர்களுக்குப் பாஸ்போர்ட் நிறத்தைப் பார்த்துக் கூலி போடுவது நியாயமில்லை. ஆனால் முடிவெடுக்கும்போது அந்தக் குறைந்த எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

வேலை முடிந்தால் தங்கும் அனுமதியும் அன்றோடு முடியும். பர்மிட் இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதமும் நாடு கடத்தலும் உண்டு. அதன்பின் இரண்டாண்டுக்குப் புதிய பர்மிட்டும் கிடைக்காது.

## வியட்நாம்

வேலைவாய்ப்பு நிறைய இருக்கும் இடம். ஹோ சி மின் நகரிலும் ஹனோயிலும் ஆங்கிலப் பயிற்சி மையம் இல்லாத பெரிய தெரு குறைவு. அதே அளவுக்கு, பர்மிட் இல்லாமல் இ-விசாவிலேயே வகுப்பெடுக்க வைக்கும் மையங்களும் உண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து இ-விசா 90 நாளுக்குக் கிடைப்பது இந்த ஆபத்தை இன்னும் எளிதாக்கிவிட்டது.

பயிற்சி மைய ஆசிரியரின் தகுதியை வியட்நாம் கல்வி அமைச்சகத்தின் 2018ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வரையறுக்கிறது. தாய்மொழியாளருக்கு ஒரு பட்டமும் கற்பித்தல் சான்றிதழும் போதும். மற்றவர்களுக்கு மூன்று வழிகள். ஆங்கிலம் கற்பித்தலில் பட்டம் ஒன்று. ஆங்கிலத்தில் பட்டமும் கற்பித்தல் சான்றிதழும் இன்னொன்று. வேறு பாடத்தில் பட்டம் என்றால், சி1 எனப்படும் உயர் ஆங்கிலத் திறன் நிலைக்கு நிகரான தேர்வுச் சான்றும் கற்பித்தல் சான்றிதழும் சேர்ந்து வேண்டும். பி.ஏ. ஆங்கிலம் படித்தவருக்கு இது நேர்வழி. பி.இ. படித்தவர் ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற தேர்வை எழுதி உயர்ந்த மதிப்பெண் வாங்கிய பிறகே விண்ணப்பிக்க வேண்டும். "போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மையம் சொன்னால், சட்டப்படியான பர்மிட் வராது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பர்மிட் அதிகபட்சம் இரண்டாண்டு, ஒருமுறை மேலும் இரண்டாண்டு நீட்டலாம். அதை வைத்துத் தற்காலிகக் குடியிருப்பு அட்டை வாங்கலாம். விண்ணப்பத்தை நடத்துவது முதலாளி. உங்கள் பங்கு பட்டம், கற்பித்தல் சான்றிதழ், ஆறு மாதத்துக்குள் வாங்கிய போலீஸ் சான்று, மருத்துவ அறிக்கை.

இங்கே நேரமும் பணமும் கரையும் இடம் அட்டஸ்டேஷன். தமிழ்நாட்டுப் பட்டத்தை முதலில் மாநில அரசு சரிபார்க்க வேண்டும், பிறகு வெளியுறவு அமைச்சகம், அதன்பின் வியட்நாம் தூதரகம். தூதரகம் டெல்லியில், துணைத் தூதரகம் மும்பையில். அங்கே போய் வியட்நாமிய மொழிபெயர்ப்பும் நோட்டரி முத்திரையும். மூலப் பட்டம் இல்லாமல் வெறும் ஸ்கேன் காப்பியோடு போனவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள். இங்கிருக்கும்போதே முடித்துக்கொண்டு போவது எவ்வளவோ மலிவு.

வரி விஷயத்தையும் கவனியுங்கள். 183 நாளுக்குக் குறைவாகத் தங்குபவருக்கு ஒரே விகிதமாக 20 சதவீதம் வரி. அதற்கு மேல் தங்கினால் 5 சதவீதத்தில் தொடங்கும் படிநிலை. ஆண்டின் பிற்பாதியில் போய்ச் சேர்பவர்கள் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மணிக்கணக்கில் சம்பளம் என்றால், டெட் புத்தாண்டு விடுமுறையில் மையம் மூடியிருக்கும் நாட்களுக்கு வருமானம் கிடையாது.

## ஜப்பான்

நம்மூர் ஆசிரியர்கள் பலரும் "அது நமக்கு இல்லை" என்று தாண்டிப் போகும் நாடு இது. என் கணிப்பில், ஆங்கில வழியில் படித்தவர்களுக்குச் சட்டம் மிக நேர்மையாக நடந்துகொள்வது இங்கேதான். விதி பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, எந்த மொழியில் படித்தீர்கள் என்று பார்க்கிறது.

இரண்டு வகை அனுமதிகள் உண்டு. தொடக்கப்பள்ளி முதல் உயர்நிலைப்பள்ளி வரை துணை ஆசிரியராக நிற்க 'பயிற்றுநர்' அனுமதி. இதற்குப் பட்டத்தோடு, கற்பிக்கப்போகும் மொழியில் குறைந்தது 12 ஆண்டு கல்வி பெற்றிருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கில வழியில் படித்தவர், பள்ளியிடமிருந்து பயிற்றுமொழிச் சான்று வாங்கி இதைக் காட்டலாம். எல்.கே.ஜி. முதல் படித்த பள்ளி இப்போது மூடிவிட்டதா, பெயர் மாறிவிட்டதா என்பதையெல்லாம் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள், அந்தக் காகிதத்துக்குத்தான் அலைச்சல் அதிகம். தமிழ் வழியில் படித்துக் கல்லூரியில் ஆங்கிலத்துக்கு மாறியவருக்கு இந்தக் கதவு திறக்காது. அவர் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விதி அதுதான்.

இரண்டாவது, 'எய்காய்வா' எனப்படும் தனியார் உரையாடல் பள்ளிகளுக்கான அனுமதி. மொழி கற்பித்தலுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் போதும், பாடம் எதுவானாலும் சரி. பி.இ. படித்தவருக்கு இது பொருந்தும். சட்டம் அனுமதித்தாலும் விளம்பரத்தில் தாய்மொழியாளர் வேண்டும் என்று போடும் நிறுவனங்கள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைத் தேட வேண்டும்.

நடைமுறை எளிது. நிறுவனம் ஜப்பான் குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கும். அது வர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம். வந்த மூன்று மாதத்துக்குள் விசா எடுத்து உள்ளே போய்விட வேண்டும். விசா வேலையைச் சென்னையிலேயே முடித்துக்கொள்ளலாம். பட்டத்தின் நகல் பொதுவாகப் போதும் என்பதால் தூதரக அட்டஸ்டேஷன் அலைச்சல் இல்லை.

இனி நான்காவது அளவுகோல். ஜப்பான் அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டதல்ல, நீங்கள் செய்யும் வேலை வகையோடு கட்டப்பட்டது. அதே வகையில் இன்னொரு நிறுவனத்துக்கு மாறினால் 14 நாளுக்குள் தெரிவித்தால் போதும். வேலை போனாலும் உடனே கிளம்ப வேண்டியதில்லை. மூன்று மாதமோ அதற்கு மேலோ வேலையின்றி இருந்தால்தான் அனுமதி ரத்தாகும் ஆபத்து வரும். உரையாடல் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்குப் போக வேண்டுமானால் மட்டும் அனுமதி வகையை மாற்ற வேண்டும். மற்ற மூன்று நாடுகளிலும் இந்த அளவுக்குக் கிடைக்காத பாதுகாப்பு இது.

விலை கொடுக்க வேண்டிய இடம் தொடக்கச் செலவு. வீடு எடுக்க முன்பணம், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத அன்பளிப்புத் தொகை, ஜாமீன் நிறுவனக் கட்டணம் என்று சில மாத வாடகை மொத்தமாகப் போகும். முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில் வரும் நிறுவனங்கள் பல. ஆகவே இரண்டு மாதச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் கிளம்பக்கூடாது. ஓய்வூதியத்துக்கு மட்டும் உங்கள் பங்காகச் சம்பளத்தில் 9.15 சதவீதம் போகும், மருத்துவக் காப்பீடு தனி. நாடு திரும்பிய இரண்டாண்டுக்குள் விண்ணப்பித்தால் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறலாம், பலர் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். குடியிருப்பு வரி முந்தைய ஆண்டு வருமானத்தின் மேல் கணக்கிடப்படும். அதனால் முதல் ஆண்டு வராமல் இரண்டாம் ஆண்டு ஜூனில் தொடங்கும், கையில் வரும் சம்பளம் அப்போது குறையும். ஆகஸ்ட் விடுமுறையில் பாதிச் சம்பளம் தரும் ஒப்பந்தங்களும் இருக்கின்றன, கையெழுத்திடும் முன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

## ஐக்கிய அரபு அமீரகம்

துபாய், ஷார்ஜா, அபுதாபியில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏராளம். அங்கே இந்திய ஆசிரியர் என்பது குறையல்ல, தேவை. ஆனால் பள்ளி ஆசிரியருக்குப் பாடத்தில் பட்டத்தோடு பி.எட். எதிர்பார்க்கிறார்கள். பொறியியல் பட்டம் மட்டும் இருப்பவர் இங்கே நேரம் வீணாக்க வேண்டாம்.

பட்டத்துக்கு வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை வேண்டும். துபாயில் கே.எச்.டி.ஏ., அபுதாபியில் அடெக் ஆகிய கல்வி அமைப்புகளின் ஒப்புதலும் தேவை. விசா, பர்மிட், ஆளெடுப்புச் செலவை ஆசிரியரிடம் வாங்கக்கூடாது என்பது அந்நாட்டுத் தொழிலாளர் சட்டம். "விசா காசு சம்பளத்தில் பிடிப்போம்" என்றால் அது சட்டமீறல்.

தனிநபர் வருமான வரி இல்லை. பணிக்கொடை உண்டு: முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். இங்கே கவனம், அடிப்படைச் சம்பளம்தான். மொத்தத் தொகையைப் பெரிதாகக் காட்டி அடிப்படையைக் குறைத்து எழுதும் ஆஃபரில் பணிக்கொடையும் சுருங்கும். குடும்பத்தை அழைத்துக்கொள்ள 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால் போதும். பிள்ளைகளுக்கு அதே பள்ளியில் கட்டணச் சலுகை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் சேமிப்பு அங்கேதான் போகும்.

இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குவதால், ஆளெடுப்பு அதற்கு முந்தைய மாதங்களில் சூடுபிடிக்கும்.

## ஒரே பார்வையில்

| | தாய்லாந்து | வியட்நாம் | ஜப்பான் | அமீரகம் |
|---|---|---|---|---|
| பி.இ. மட்டும் | முடியும் | சி1 சான்றும் கற்பித்தல் சான்றிதழும் வேண்டும் | உரையாடல் பள்ளிக்கு முடியும் | கடினம் |
| பி.ஏ. ஆங்கிலம் | முடியும் | கற்பித்தல் சான்றிதழோடு முடியும் | முடியும் | பி.எட். எதிர்பார்க்கப்படும் |
| பட்டத்துடன் பி.எட். | நல்ல பலன் | ஆங்கிலப் பாடமெனில் நல்ல பலன் | கூடுதல் மதிப்பு | கிட்டத்தட்டக் கட்டாயம் |
| அட்டஸ்டேஷன் அலைச்சல் | நடுத்தரம் | அதிகம் | குறைவு | அதிகம் |
| வேலை போனால் | அனுமதி அன்றோடு முடியும் | பர்மிட் முதலாளியோடு போகும் | வேறு வேலை தேட அவகாசம் | சில வாரச் சலுகைக் காலம் |
| கையில் வேண்டிய தொடக்கப் பணம் | குறைவு | நடுத்தரம் | அதிகம் | குறைவு |
| குடும்பத்தோடு | சிரமம் | சிரமம் | முடியும், செலவு அதிகம் | எளிது |

## யாருக்கு எது

திருமணமாகி, பி.எட். முடித்து, சில ஆண்டு பள்ளி அனுபவத்தோடு இருப்பவர் வேறெங்கும் பார்க்க வேண்டாம், அமீரகம்தான். ஆங்கில வழியில் முழுக்கப் படித்த, தனியாள், கையில் கொஞ்சம் சேமிப்பு உள்ளவர் ஜப்பானை முதலில் முயன்று பார்க்க வேண்டும். கிடைக்கத் தாமதமாகும், ஆனால் கிடைத்தால் காலூன்ற இடம் உண்டு. பி.ஏ. ஆங்கிலம் முடித்துச் சீக்கிரம் வகுப்பறை அனுபவம் வேண்டும் என்பவர், காகிதங்களைச் சென்னையிலேயே முடித்துக்கொண்டு வியட்நாம் போகலாம். பட்டம் எதுவானாலும் குறைந்த பணத்தில் இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று சோதிக்க விரும்புபவருக்குத் தாய்லாந்து. ஆனால் பன்னிரண்டு மாதச் சம்பளம் தரும் பள்ளியை நேரடியாகத் தேடிப் போங்கள்.

சான்றிதழில் காசு போடுவதானால், நேரடி வகுப்பறைப் பயிற்சி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கேம்பிரிட்ஜின் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும். அதன் கட்டணம் அதிகம்தான். ஆனால் தாய்மொழியாளர் இல்லை என்ற தயக்கத்தோடு விண்ணப்பத்தைப் பார்ப்பவரிடம் அது பேசும், இரண்டு நாளில் ஆன்லைனில் முடித்த சான்றிதழ் பேசாது.

## ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன்

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் வேறெதையும் விசாரிக்கத் தேவையில்லை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது, அதன் அறிவிப்புகளையும் பாருங்கள். இலங்கை வாசகர்கள் புறப்படும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

2022இல் தமிழ்நாட்டு இளைஞர்கள் உட்படப் பல இந்தியர்கள் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போனார்கள். அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அவர்களை மீட்க மத்திய, மாநில அரசுகளும் தூதரகமும் பாடுபட வேண்டியிருந்தது. ஆசிரியர் வேலை என்ற பெயரிலும் அதே வலையை விரிக்கலாம். எனவே பள்ளியின் பெயரை வரைபடத்தில் தேடுங்கள், அதன் அலுவலக எண்ணுக்கு நீங்களே அழைத்துப் பேசுங்கள், ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கும் ஓர் இந்திய ஆசிரியரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனத்தின் பெயரும் விசாவில் வரும் முதலாளியின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வேலை விசா கைக்கு வந்த பிறகுதான் இங்கே பார்க்கும் வேலையை ராஜினாமா செய்யுங்கள்.